‘நீங்க இல்லாமப் போயிட்டா, யாரு சார் கட்டுவாங்க?’

ராத்திரி எட்டேகால் மணி. ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டைக் கையில் பிடித்தபடி சப்பாத்தி க்யூவில் நிற்கிறீர்கள். அப்போது போன் அடிக்கிறது. எடுத்தால், தேன் தடவிய குரலில் ஒரு பெண், ‘‘சார், நீங்க திடீர்னு இல்லாமப் போயிட்டா, உங்க க்ரெடிட் கார்டு பாக்கியை வீட்டுல யாரு சார் கட்டுவாங்க?’’ என்று கேட்டால் எப்படி இருக்கும்?

எனக்கு அப்படித்தான் வந்தது. குருமா வாங்காமலே தட்டோடு வெளியே வந்துவிட்டேன்.

‘டேய், இருபது வயசுல உனக்கு எதுக்குடா க்ரெடிட் கார்டு?’ என்று நீங்கள் கேட்பது புரிகிறது. சம்பளம் இல்லாத நம்மை மாதிரி ஆட்களுக்கு பேங்க்கில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஃபிக்ஸட் டெபாசிட் போட்டால், அதை ஈடாக வைத்துக்கொண்டு கார்டு கொடுப்பார்கள். வேலைக்குப் போகும் அக்கா என் பேரில் 20,000 ரூபாய் டெபாசிட் போட்டாள். 18,000 ரூபாய் லிமிட்டில் கார்டு வந்தது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு போர்டு, சென்ஸார் எல்லாம் அதில்தான் வாங்கினேன். அப்போதைய பாக்கி 15,000 சொச்சம்.

அந்த மேடம் விற்க வந்தது ‘பேமென்ட் ப்ரொடெக்‌ஷன்’ என்கிற சமாச்சாரம். வேலை போனாலோ, கை கால் முறிந்து படுத்தாலோ, ஆளே போய்ச் சேர்ந்தாலோ, கார்டு பாக்கியை இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். ‘‘நூறு ரூபாய் பாக்கிக்கு மாசம் வெறும் 60 பைசாதான் சார். ப்ளஸ் ஜிஎஸ்டி. ‘யெஸ்’னு மட்டும் சொல்லுங்க, இப்பவே ஆக்டிவேட் பண்ணிடறேன்!’’

அறுபது பைசா! அதில் ஒரு மிட்டாய்கூட வாங்க முடியாது. ‘யெஸ்’ நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குக் காரணம் அறுபது பைசா இல்லை. ‘வீட்டுல யாரு கட்டுவாங்க’ என்ற அந்த ஒரு வரிதான்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கப்பா டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் சேல்ஸ் ரெப். 2021-ல் ஒருநாள் காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மாரடைப்பு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றைக்கே வீட்டுக்கு போன் வந்தது. ‘உங்க வீட்டுக்காரர் கார்டுல 41,600 ரூபாய் பாக்கி இருக்கு. எப்ப கட்டறீங்க?’ அதன் பிறகு தினமும் வந்தது. ‘வீட்டுக்கு ஆள் அனுப்புவோம்’ என்றார்கள். அம்மா பேசாமல் இரண்டு வளையலைக் கழற்றிக்கொண்டு போய் அடகு வைத்து, மொத்தத்தையும் கட்டிவிட்டு வந்தார். அந்த வளையல் இன்னும் திரும்பி வரவில்லை.

இப்போது சொல்லுங்கள், அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்திருக்கும்? ‘‘மேடம், ஒரு வாரம் டைம் குடுங்க’’ என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

(ஒரு சின்ன ‘கொசுறு’. 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட கார்டு விதிகளின்படி, இந்த மாதிரி மார்க்கெட்டிங் அழைப்புகள் காலை பத்து மணியிலிருந்து மாலை ஏழு மணிக்குள்தான் வரவேண்டும். எட்டேகாலுக்கு வந்ததே தப்பு! எனக்கு அது அப்புறம்தான் தெரிந்தது.)

அன்றைக்கே அம்மாவுக்கு போன் போட்டேன். ‘‘ஏம்மா, அப்பா கார்டுக்கு இன்ஷூரன்ஸ் ஏதாச்சும் இருந்துச்சா?’’

‘‘தெரியலையேப்பா. பேப்பரெல்லாம் மஞ்சப்பையில கட்டி பரண்ல போட்டு வெச்சிருக்கேன். நீ வந்து பாரு.’’

சனிக்கிழமை விடியற்காலை கோவையில் பஸ் ஏறி, விருதுநகரில் இறங்கி, பரணில் ஏறினேன். பையைப் பிரித்தால், அப்பா ஒவ்வொரு மாத ஸ்டேட்மென்ட்டையும் தேதிவாரியாக அடுக்கி, பின் குத்தி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் பெட்ரோல், லாட்ஜ், என் ஸ்கூல் ஃபீஸுக்கு நடுவில் பொடி எழுத்தில் ஒரு வரி. ஒரு மாசம் 198 ரூபாய், இன்னொரு மாசம் 261, கடைசி மாசம் 294. பாக்கி ஏற ஏற அதுவும் ஏறியிருக்கிறது. என்ன வரி தெரியுமா? அதே ‘ப்ரொடெக்‌ஷன் ப்ளான்’!

எனக்குக் கை நடுங்கிவிட்டது. பதினான்கு மாதம் கட்டியிருக்கிறார். கூட்டிப் பார்த்தால் 3,212 ரூபாய். ‘அப்போ பாக்கியை இன்ஷூரன்ஸே கட்டியிருக்குமே... அம்மாவோட வளையல்!’ என்று பதறிப்போய் பையைக் கவிழ்த்தேன். அடியில் ப்ளானோடு வந்த குட்டிப் புத்தகம் கிடைத்தது. நான்காம் பக்கத்தில் ஒரு வாக்கியம். மரணத்துக்கான தொகை, ‘விபத்தினால் ஏற்படும் மரணத்துக்கு மட்டும்’.

மாரடைப்பு விபத்து இல்லையாம்.

அம்மாவிடம் அந்த வரியைக் காட்டினேன். ‘‘நான் ஏதோ கவர்மென்ட் வரின்னுல்ல நெனச்சேன்’’ என்றார். அப்பாவும் அப்படி நினைத்தாரா, அல்லது அவரும் எட்டேகால் மணிக்கு எங்கேயோ ஒரு லாட்ஜ் வாசலில் நின்றுகொண்டு ‘யெஸ்’ சொன்னாரா, யாருக்குத் தெரியும்?

எங்கள் தெருவில் பேங்க்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன மாமா ஒருவர் இருக்கிறார். பையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். எல்லாவற்றையும் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ‘‘இன்ஷூரன்ஸ் கிடக்கட்டும்டா. முதல்ல உங்கம்மா இதைக் கட்டியிருக்கவே வேண்டாமே!’’ என்றார்.

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள் பாஸ். க்ரெடிட் கார்டு கடன் பொதுவாக அடமானம் இல்லாத கடன். கார்டுக்காரர் இறந்துபோனால், அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் பேங்க் அதைக் கேட்க முடியும். வாரிசுகள் கைக்கு அந்தச் சொத்தில் எவ்வளவு வந்ததோ, அந்த அளவுக்குத்தான் அவர்கள் பொறுப்பு. ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தால் கதை வேறு. மற்றபடி மனைவியின் நகையையோ, பிள்ளையின் சம்பளத்தையோ கேட்கச் சட்டத்தில் இடமில்லை. எங்கப்பா விட்டுச்சென்றது ஒரு பழைய பைக்கும், சேமிப்புக் கணக்கில் மூவாயிரத்துச் சொச்சமும். வாடகை வீடு வேறு. வளையல் அம்மாவுக்குத் தாத்தா போட்டது.

இதை வீட்டில் வந்து சொன்னபோது அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், ‘‘அன்னிக்கே தெரிஞ்சிருந்தாலும் கட்டாம இருந்திருப்பேனான்னு தெரியலப்பா. உங்கப்பா பேரைச் சொல்லி ஒருத்தன் ஏசினா கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா? ஆனா, வளையலைக் கொண்டுபோய் வெச்சிருக்க மாட்டேன். மாசம் கொஞ்சமா கட்டறேன்னு சொல்லியிருப்பேன்’’ என்றார்.

சரி, இப்போது என் கதைக்கு வருவோம். நான் ‘இல்லாமப் போயிட்டா’ என்ன ஆகும்? மாமா சிரித்தேவிட்டார். ‘‘உன் கார்டுக்கு 20,000 ரூபா டெபாசிட் பேங்க்லயே இருக்கு. நீ கட்டலைன்னா அதுலேருந்து எடுத்துக்கப் போறான். உங்கம்மாகிட்ட யாரும் வரப்போறதில்ல. இதுக்கு எதுக்குடா இன்ஷூரன்ஸ்?’’

அடுத்தது, ‘வேலை போயிட்டா’ என்ற ஐட்டம். நானோ ஸ்டூடன்ட்! இல்லாத வேலை எப்படிப் போகும்? மீசையே முளைக்காதவனிடம் ஷேவிங் க்ரீம் விற்ற கதை இது. சரி, கேம்பஸில் ப்ளேஸ் ஆன சீனியர்களுக்காவது உதவுமா என்று பார்த்தால், அங்கே இன்னும் பெரிய காமெடி. இந்த மாதிரி ப்ளான்களின் விதிமுறைகளைப் படித்தால், ப்ரொபேஷனில் இருப்பவர்களுக்கு வழக்கமாகக் கிடையாது. வேலை சரியில்லை என்று அனுப்பினால் கிடையாது. தானாக ராஜினாமா செய்தால் கிடையவே கிடையாது. ஐ.டி. கம்பெனியில் ஆளைக் குறைக்கும்போது என்ன செய்கிறார்கள்? ஹெச்.ஆர். கூப்பிட்டு, ‘நீங்களே பேப்பர் போட்டுடுங்க, ரிலீவிங் லெட்டர் நல்லபடியா தர்றோம்’ என்பார்கள். பேப்பர் போட்டால் அது ராஜினாமா கணக்கு. இன்ஷூரன்ஸ் கோவிந்தா!

அப்படியே க்ளெய்ம் கிடைத்தாலும் பல ப்ளான்கள் மொத்தப் பாக்கியையும் கட்டுவதில்லை. சில மாதங்களுக்கு மினிமம் ட்யூவையோ, பாக்கியில் ஒரு சின்னப் பங்கையோ கட்டும். மிச்சத்துக்கு வட்டி பாட்டுக்கு வட்டி ஓடும். நம் ஊர் கார்டுகளில் மாதம் மூன்று, மூன்றரை சதவிகித வட்டி சர்வசாதாரணம். என் 15,000 ரூபாய்க்கு மூன்றரை சதவிகிதம் என்றால் மாதம் 525 ரூபாய்.

அந்த அறுபது பைசாவையும் கணக்குப் போட்டேன். நாம இன்ஜினீயர் ஆச்சே! 15,000-க்கு மாதம் 90 ரூபாய். ஜிஎஸ்டி 18 சதவிகிதம் சேர்த்தால் 106 ரூபாய் 20 காசு. அதே பாக்கி அப்படியே இருந்தால் வருஷத்துக்கு 1,274 ரூபாய். கடனை மாதாமாதம் முழுசாகக் கட்டிவிட்டால்? காப்பாற்ற வேண்டிய பாக்கியே இருக்காது. ஆனால், ஸ்டேட்மென்ட் போடும் நாளில் இருக்கும் தொகைக்கு பிரீமியம் போடும் ப்ளான் என்றால், அப்போதும் நம் பாக்கெட்டில் கை வைக்கும்.

இதே கூத்து நம் ஊரில் மட்டும்தானா என்று லைப்ரரி சிஸ்டத்தில் தேடினேன். திரையில் வந்து நின்றது யார் தெரியுமா? நம்ம ‘டெர்மினேட்டர்’ அர்னால்ட்! ஆள் இல்லை, தலை மட்டும். ரோபோ மாதிரி அர்னால்டின் தலையைச் செய்து, அது அங்கங்கே போய் ‘சீக்கிரம் முடிவெடு’ என்று ஜனங்களைப் பார்த்துக் கத்துகிற மாதிரி 2017-ல் இங்கிலாந்தில் விளம்பரம் எடுத்திருக்கிறார்கள். எடுத்தது அந்த நாட்டின் நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பு. எதற்கு? இதே இன்ஷூரன்ஸுக்காக!

அங்கே இதற்குப் பெயர் பிபிஐ. லோன் வாங்கினாலும் கார்டு வாங்கினாலும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். பல வருஷங்களில் ஆறு கோடிக்கும் மேற்பட்ட பாலிசிகள் விற்றிருக்கிறார்கள். சொந்தத் தொழில் செய்பவர், ரிட்டயர் ஆனவர் என்று க்ளெய்மே செய்ய முடியாதவர்கள் தலையிலும் கட்டியிருக்கிறார்கள். ‘இது எடுத்தாத்தான் லோன்’ என்று மிரட்டியும் விற்றிருக்கிறார்கள். கேட்காமலே சேர்த்துவிட்ட கேஸ்களும் உண்டு. 2005-ல் ‘சிட்டிசன்ஸ் அட்வைஸ்’ என்ற மக்கள் ஆலோசனை அமைப்பு பெரிய புகாரைக் கிளப்பியது. பேங்க்குகள் கோர்ட்டுக்குப் போய், 2011-ல் தோற்றன. அப்புறம் ஆரம்பித்தது பணத்தைத் திருப்பித் தரும் படலம். 2019 ஆகஸ்ட் 29-தான் புகார் கொடுக்கக் கடைசி நாள். அந்தக் கெடுவைச் சொல்லத்தான் அர்னால்டின் தலை! மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தது சுமார் 3,800 கோடி பவுண்டு. ரூபாயில் மாற்றிப் பார்க்க என் கால்குலேட்டரில் இடம் போதவில்லை.

அதில் ஒரு வழக்கு என் மனசிலேயே நிற்கிறது. கணவரை இழந்த ஒரு கல்லூரி ஆசிரியை. 2006-ல் 34,000 பவுண்டு லோன் வாங்கினார். கூடவே 5,780 பவுண்டுக்கு இந்த பாலிசி. அந்த பிரீமியத்தில் 71.8 சதவிகிதம் கமிஷனாகவே போய்விட்டது. நூறு ரூபாய் கட்டினால், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது 28 ரூபாய் சொச்சம்! இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. 2014-ல் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட், இவ்வளவு பெரிய கமிஷனை மறைத்தது நியாயமில்லை என்று தீர்ப்பு சொன்னது.

அமெரிக்காவும் சளைத்தது இல்லை. அங்கே நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு எடுத்த முதல் நடவடிக்கையே இந்த மாதிரி கார்டு கூடுதல் சேவைகளை ஏமாற்றி விற்றதற்காக, 2012 ஜூலையில், ‘கேப்பிட்டல் ஒன்’ பேங்க் மீதுதான்.

இன்னொரு வகை ப்ளானும் உங்களுக்கு வரும். ‘கார்டு தொலைஞ்சு போய், எவனாவது தேய்ச்சுட்டா நாங்க காப்பாத்துவோம்’ என்பார்கள். இங்கிலாந்தில் இதை விற்ற ‘சிபிபி’ என்ற கம்பெனிக்கு 2012-ல் ஒரு கோடியே ஐந்து லட்சம் பவுண்டு அபராதம். காரணம் சிம்பிள். அந்த நஷ்டத்தில் பெரும்பகுதியை பேங்க்கே ஏற்க வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருந்தது. நம் நாட்டில் 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது. உங்கள் தப்பும் இல்லாமல், பேங்க் தப்பும் இல்லாமல் நடுவில் எவனோ பணத்தை அடித்துவிட்டால், தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் பேங்க்கிடம் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம். நீங்களே ஓடிபி-யை வாரி வழங்கியிருந்தால் மட்டும், சொல்லும் வரைக்குமான நஷ்டம் உங்கள் தலையில்.

‘அப்போ இந்த இன்ஷூரன்ஸை யாருமே எடுக்கக் கூடாதா?’ என்று மாமாவிடம் மடக்கினேன். அவர் அப்படி ஒரேயடியாக அடித்துவிடவில்லை. சர்க்கரை, இதய நோய் என்று இருப்பவர்களுக்கு டேர்ம் இன்ஷூரன்ஸ் கிடைப்பது கஷ்டம். டெஸ்ட் எதுவும் இல்லாமல் கிடைக்கும் இந்த மாதிரி குரூப் ப்ளானில் எல்லா வகை மரணத்துக்கும் பணம் உண்டு, ஏற்கெனவே இருக்கும் நோயையும் விலக்கவில்லை என்றால், பெரிய பாக்கி வைத்திருப்பவர் யோசிக்கலாம் என்றார். ‘‘ஆனா, அந்தப் புத்தகத்தைக் கைல வாங்கிப் படிச்சுட்டு யோசிக்கணும். போன்ல யோசிக்கக் கூடாது.’’ வீட்டுக் கடனுக்கு எடுக்கும் இன்ஷூரன்ஸ் வேறு ஜாதி, அதையும் இதையும் குழப்பாதே என்றும் சொன்னார்.

கிளம்பும்போது, ‘‘உனக்கு நெஜமாவே அம்மாவை நெனச்சுக் கவலையா இருந்தா, இதைப் போடு’’ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பிரதமர் ஜீவன் ஜோதி பீமா, வருஷத்துக்கு 436 ரூபாய். 18 வயசிலிருந்து 50 வரை சேரலாம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். புதிதாகச் சேர்ந்தால் முதல் 30 நாளைக்கு விபத்து தவிர மற்ற மரணத்துக்குக் கிடையாது. அதோடு சுரக்ஷா பீமா, வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்துக்கு மட்டும் 2 லட்சம். இரண்டும் சேர்த்து 456. அந்த மேடம் கேட்டதோ 15,000 ரூபாய் பாக்கிக்கு 1,274! இந்தப் பணம் கார்டு கம்பெனிக்குப் போகாது. நாமினி என்று யார் பெயரை எழுதுகிறோமோ அவர் கைக்கு நேராக வரும். அக்காவையும் சேரச் சொல்லிவிட்டேன். நாமினி, அம்மா.

உங்கள் ஸ்டேட்மென்ட்டை, அப்பா அம்மா கார்டு இருந்தால் அதையும், இன்றைக்கே எடுத்து வரி வரியாகப் பாருங்கள். கேட்காத ப்ளானுக்குப் பணம் போயிருந்தால், எழுத்திலோ டிஜிட்டலிலோ நான் சம்மதம் கொடுத்ததைக் காட்டு என்று பேங்க்குக்கு மெயில் தட்டுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். 14448-க்கு போன் போட்டால் வழி சொல்வார்கள். அப்படியே, கார்டோடு இலவசமாக வரும் விபத்துக் காப்பீடு எதுவும் இருக்கிறதா, அதில் நாமினி யார் என்றும் கேட்டு வையுங்கள். பல வீடுகளில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சொன்னபடி, ஒரு வாரம் கழித்து அந்த மேடம் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை ஏழு நாற்பதுக்கு. பரவாயில்லை, முன்னேற்றம்!

‘‘மேடம், நான் ஸ்டூடன்ட். வேலை போற கவர் எனக்குச் செல்லுமா?’’

‘‘...செல்லாது சார்.’’

‘‘மாரடைப்புல செத்தா?’’

‘‘ஆக்ஸிடென்ட்டுக்கு மட்டும்தான் சார்.’’

‘‘அப்போ எனக்கு வேண்டாம் மேடம். விதிமுறை எல்லாத்தையும் மெயில்ல மட்டும் அனுப்பிடுங்க, என் ஃப்ரெண்ட்ஸுக்குக் காட்டணும்.’’

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தம் இல்லை. வைத்துவிட்டார் போல என்று நினைத்தேன். அப்புறம் தேன் எல்லாம் போய், சாதாரணக் குரலில், ‘‘நீங்க எந்த டிபார்ட்மென்ட் சார்?’’ என்றார்.

‘‘இ.சி.இ., மூணாவது வருஷம்.’’

‘‘நானும் இ.சி.இ.தான். 2023 பேட்ச். ஒரு நாளைக்கு எட்டு ‘யெஸ்’ வாங்கணும் சார், இன்னிக்கு இதுவரைக்கும் ரெண்டுதான்.’’

எனக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. சட்டென்று வாயில் வந்தது இதுதான். ‘‘மேடம், உங்களுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா?’’

‘‘கம்பெனியில ஒண்ணும் இல்ல சார்.’’

436-ஐயும் 20-ஐயும் சொன்னேன். அந்தப் பக்கம் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

‘‘எந்த பேங்க்ல சார் போடணும்?’’

‘‘உங்க சம்பளம் எந்த அக்கவுன்ட்ல விழுதோ, அங்கேயே கேளுங்க மேடம்.’’